மெஷின் வந்தும் வேகம் கூடவில்லையே, ஏன்?
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், "வளர்ந்த நாடுகளில் உற்பத்தித்திறன் வளரும் வேகம் குறைந்து வருகிறது" என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். காரணம் சொல்லாமல் விட்டுவிட்டோம். "பாதிக் கதை சொல்லி எழுந்து போய்விட்டீர்களே" என்று மொரீஷியஸின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ரோஸ் ஹில் வாசகி, பள்ளி ஆசிரியை: முன்னைவிட அதிக நேரம் உழைக்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகும் போனில் வேலை ஓடுகிறது. உற்பத்தித்திறன் மந்தம் என்றால், நாங்கள் சோம்பேறிகள் என்றா சொல்கிறீர்கள்?

பதில்: இல்லை அம்மா. உழைப்பு வேறு, உற்பத்தித்திறன் வேறு. ஒரு மணி நேர உழைப்பில் எவ்வளவு மதிப்பு பிறக்கிறது என்பதுதான் உற்பத்தித்திறன். நேரத்தைக் கூட்டினால் மொத்தம்தான் கூடும், விகிதம் கூடாது.

டால் பூரி வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர், ஆளுக்கு 5 மணி நேரம், ஆக 10 மணி நேர உழைப்பு. ஜோடி 30 ரூபாய் வீதம் 300 ஜோடி விற்றால் வரவு 9,000 ரூபாய். மாவு, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் போக 4,000 செலவு. மிச்சம் 5,000 ரூபாய்தான் அவர்கள் கூட்டிய மதிப்பு. மணிக்கு 500. இப்போது ஆளுக்கு 7 மணி நேரம் நின்று 420 ஜோடி விற்றால் பை கனக்கும், ஆனால் மணிக்கு அதே 500தான். விலைவாசியோடு சேர்த்து ஜோடியை 33 ரூபாய் ஆக்கினாலும் உற்பத்தித்திறன் ஏறியதாகக் கணக்கில்லை. விலை உயர்வைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். மாவு தேய்க்க ஒரு சின்ன மெஷின் வந்து, அதே 300 ஜோடி 8 மணி நேர உழைப்பில் முடிந்தால்? 5,000 வகுத்தல் 8, மணிக்கு 625. இதுதான் உற்பத்தித்திறன் 25 விழுக்காடு ஏறியது என்பது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்தியில் வருவது பெரும்பாலும் "உற்பத்தித்திறன் குறைந்தது" அல்ல, "அது வளரும் வேகம் குறைந்தது". அமெரிக்காவில் 1948 முதல் 1973 வரை ஆண்டுக்குச் சுமார் 2.8 விழுக்காடு ஏறியது. பிறகு 1995 வரை ஏறத்தாழ அதில் பாதி. 1995 முதல் 2004 வரை மீண்டும் 3 விழுக்காட்டுப் பக்கம் வந்தது. அதன்பின் 2019 வரை மறுபடி ஒன்றரை. பிரிட்டனில் 2008 நெருக்கடிக்கு முன் சுமார் 2 விழுக்காடு இருந்தது, பிந்தைய பத்தாண்டில் அரை விழுக்காட்டுக்குப் பக்கம் வந்துவிட்டது. புள்ளி வித்தியாசம்தானே என்று விடக்கூடாது. 70ஐ வளர்ச்சி வேகத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும். 2.8 என்றால் 25 ஆண்டு. 1.4 என்றால் 50 ஆண்டு. மகன் காலத்தில் வர வேண்டிய சம்பளம் பேரன் காலத்துக்குத் தள்ளிப்போகிறது.

வாக்வா வாசகர்: நம் நாட்டில் பொது விடுமுறை அதிகம். தைப்பூசக் காவடி, தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஈத் என்று எல்லாவற்றுக்கும் லீவு. இதனால்தான் மந்தமோ?

பதில்: மணிக் கணக்கில் அளந்தால் விடுமுறை உற்பத்தித்திறனைத் தொடாது, வேலை செய்யாத மணி கீழே வகுக்கும் எண்ணிலும் வராது. ஆள் கணக்கில் அளந்தால் கொஞ்சம் தெரியும். அப்போதும் அது ஒரு முறை இறக்கம்தானே தவிர, ஆண்டுக்கு ஆண்டு வேகம் குறைவதற்குக் காரணம் ஆகாது. காவடியை விட்டுவிடுங்கள்.

எபேன் வாசகர், கணினித் துறை: எல்லார் மேசையிலும் கணினி, எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன். இத்தனை வந்தும் புள்ளிவிவரத்தில் ஏன் தெரியவில்லை?

பதில்: இதே கேள்வியை 1987ஆம் ஆண்டிலேயே ராபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கேலியாகப் போட்டுவைத்தார்: கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் காணோம் என்று. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதற்கு எங்களுக்குப் பிடித்த விடை மின்சாரத்தின் கதையில் இருக்கிறது. எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையத்தைத் தொடங்கியது 1882. பதினெட்டு ஆண்டு கழித்து, 1900இல், அமெரிக்கத் தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டிய சக்தியில் மின்சாரத்தின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் கீழே. காரணம் முதலாளிகளின் அறியாமை அல்ல, கட்டடம். அன்றைய ஆலையில் கீழே ஒரு பெரிய நீராவி எஞ்சின் இருக்கும். அதிலிருந்து கூரையோரம் நெடுக ஓர் இரும்புத் தண்டு சுழலும். தண்டிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். தண்டு நீளமானால் உராய்வில் சக்தி வீணாகும். ஆகவே ஆலையை மாடி மாடியாகக் கட்டி, அதிக சக்தி தின்னும் இயந்திரத்தைத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசையை யாரும் பார்க்கவில்லை. ஒரு பட்டை அறுந்தால் மொத்தமும் நிற்கும்.

முதலில் மோட்டார் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் அப்படியே. நிலக்கரிச் செலவு கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, ஆலையை ஒரே தளத்தில் பரப்பி, பொருள் நகரும் வரிசையில் இயந்திரங்களை அடுக்கிய பிறகுதான் பலன் கொட்டியது. கூரையில் பட்டை இல்லாததால் வெளிச்சம் வந்தது, பாரந்தூக்கி ஓட இடம் கிடைத்தது, ஒன்று பழுதானால் மற்றது நிற்கவில்லை. அது நடந்தது 1920களில். நாற்பது ஆண்டு! பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1990இல் இந்த ஒப்புமையைக் கணினிக்குப் பொருத்திக் காட்டினார்.

போர்ட் லூயியில் ஒரு மொத்தக் கடையை நினைத்துப் பாருங்கள். பில் போடும் மெஷின் வாங்கியாயிற்று. ஆனால் சரக்கு வருவது இன்னும் நோட்டில் எழுதப்படுகிறது. 24 டின் கொண்ட பெட்டியை மெஷினில் "1" என்று ஏற்றுகிறார்கள், விற்பதோ ஒற்றை டின்னாக. இரண்டே நாளில் மெஷின் இருப்பை மைனஸ் 23 என்று காட்டும். ஊழியர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை போய், பழையபடி அலமாரியை எண்ணத் தொடங்குகிறார்கள். இப்போது ஒரே வேலை இரண்டு முறை. மெஷின் வந்து உற்பத்தித்திறன் குறைந்தது! சரிசெய்ய வேண்டியது மென்பொருளை அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டிக்கு எத்தனை என்று ஒரு முறை உட்கார்ந்து பதிய வேண்டும். சரக்கு இறங்கும் வாசலிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கடையை மூடி எண்ணுவதற்குப் பதில், வாரம் ஒரு அலமாரி என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை தொடர்ந்து பொருந்தி வந்த பிறகு நோட்டை எடுத்துவிட வேண்டும். நோட்டு மேசையில் இருக்கும்வரை மெஷின் விருந்தாளிதான்.

இந்தப் பயிற்சியும் பதிவும் கணக்குப் புத்தகத்தில் செலவாக ஏறுகின்றன, முதலீடாக அல்ல. அதனால் முதல் சில ஆண்டு உற்பத்தித்திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், பலன் வரும்போது உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பொருளியலாளர் எரிக் பிரின்யால்ஃப்சனும் கூட்டாளிகளும் இதை ஆங்கில "ஜே" எழுத்து வளைவு என்கிறார்கள்: முதலில் இறங்கி, பிறகு ஏறும்.

ஆனால் ஒரு குறை. 1995 முதல் 2004 வரை கணினியின் பலன் ஓரளவு வந்தது. சில்லறை, மொத்த வியாபாரத்திலும் கணினி உற்பத்தியிலும் நன்றாகவே தெரிந்தது. பிறகு ஏன் பத்தே ஆண்டில் ஓய்ந்தது? மின்சாரக் கதை இதற்கு விடை சொல்லாது. அதனால்தான் மற்ற காரணங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரெதூயி வாசகி, பொருளியல் மாணவி: மொத்தக் காரணி உற்பத்தித்திறனை எப்படிக் கணக்கிடுவது? பாடத்தில் சூத்திரம் இருக்கிறது, புரியவில்லை.

பதில்: எண்களோடு போட்டுப் பாருங்கள். ஒரு நாட்டின் உற்பத்தி, விலை உயர்வு நீக்கிய பின், 4 விழுக்காடு வளர்ந்தது. வேலை மணி 1 விழுக்காடு கூடியது. இயந்திரம், கட்டடம் முதலான மூலதனம் 4 விழுக்காடு கூடியது. வருமானத்தில் உழைப்பின் பங்கு 60, மூலதனத்தின் பங்கு 40 என்று கொள்ளுங்கள்.

உழைப்பால் வந்தது: 0.6 × 1 = 0.6. மூலதனத்தால் வந்தது: 0.4 × 4 = 1.6. இரண்டும் 2.2. நான்கில் இதைக் கழித்தால் 1.8. இந்த எச்சம்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் வளர்ச்சி. மணிக்கான உற்பத்தி 4 − 1 = 3 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. அதில் 1.2 (0.4 × (4 − 1)) ஒவ்வொருவர் கையிலும் அதிகக் கருவி வந்ததால், மீதி 1.8 மேலே சொன்ன எச்சம்.

எச்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தெரிந்ததையெல்லாம் கழித்தபின் நிற்பது அது. சோலோ 1957இல் இந்தக் கணக்கைச் செய்தபோது, அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை மணிக்கான உற்பத்தி உயர்ந்ததில் எட்டில் ஏழு பங்கு இந்த எச்சத்தில்தான் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மோசஸ் அப்ரமோவிட்ஸ் இதை "நம் அறியாமையின் அளவு" என்று குறிப்பிட்டிருந்தார். நேர்மையான மனிதர்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பங்குகளை மாற்றிப் போடுவதால். நிஜத்தில் கணக்கு கெடுவது வேறு இடத்தில்: மூலதனம் இருப்பதை எண்ணுகிறோம், ஓடுவதை அல்ல. 2020இல் நம் நாட்டு எல்லை மூடியபோது ஓட்டல் அறைகள் அப்படியே இருந்தன, விருந்தினர் இல்லை. கணக்கில் எச்சம் சரிந்துதான் வரும். அதற்காக ஓட்டல் நடத்தும் வித்தை நமக்கு மறந்துபோயிற்று என்று பொருளாகாது. இந்த வகைக் குறியீடுகளை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் வெளியிடுகிறது. படிக்கும்போது 2020, 2021 எண்களைத் தனியே வைத்துவிட்டு மற்ற ஆண்டுகளின் போக்கைப் பாருங்கள்.

மஹேபூர் வாசகர்: வாட்ஸ்அப் பேச்சு இலவசம், வழி காட்டும் வரைபடம் இலவசம். இலவசம் என்பதால் கணக்கில் வருவதில்லை. மந்தம் என்பதே அளவுக் கோளாறாக இருக்கலாமே?

பதில்: நல்ல சந்தேகம், பாதி சரி. முன்பு பாரிஸில் இருக்கும் மகனோடு பத்து நிமிடம் பேசக் கொடுத்த காசு உள்நாட்டு உற்பத்தியில் ஏறியது. இன்று ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறுவது இன்டர்நெட் கட்டணம் மட்டுமே. ஆனால் அளவு பொருந்தவில்லை. பழைய வேகம் தொடர்ந்திருந்தால் 2015இல் அமெரிக்கா கூடுதலாக 2.7 லட்சம் கோடி டாலர் உற்பத்தி செய்திருக்கும் என்று பொருளியலாளர் சாட் சிவர்சன் கணக்கிட்டார். இலவச இணையச் சேவைகளின் மதிப்பைத் தாராளமாகப் போட்டாலும் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. மேலும், இணையம் அதிகம் புழங்கும் நாட்டில் மந்தம் அதிகமாகவும், குறைவாகப் புழங்கும் நாட்டில் மந்தம் குறைவாகவும் இருந்திருக்க வேண்டும். அப்படியும் இல்லை.

குவாட்ர் போர்ன் வாசகி: டி.வி. விலை இறங்குகிறது. முடிதிருத்தும் கூலி, டியூஷன் கட்டணம், கல்யாண மேளம் எல்லாம் ஏறுகின்றன. இதற்கும் நீங்கள் பேசும் விஷயத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. பொருளியலாளர் வில்லியம் பௌமால் 1960களில் இசைக்குழுக்களின் வரவு செலவைப் பார்க்கப் போய்க் கண்டுபிடித்தது இது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு மணி நேரக் கச்சேரி. நூறு ஆண்டுக்கு முன்னும் நான்கு பேர், ஒரு மணி. இன்றும் அதே. இரண்டு பேரை வைத்து அரை மணியில் முடித்தால் அது உற்பத்தித்திறன் அல்ல, ஏமாற்று. ஆனால் தவில்காரரின் தம்பி ஆலையில் மெஷின் உதவியால் பத்து மடங்கு செய்து அதற்கேற்ற சம்பளம் வாங்கும்போது, தவில்காரருக்கும் அதற்கு ஈடாகக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அவரும் ஆலைக்குப் போய்விடுவார். அதனால் மேளத்தின் விலை ஏறுகிறது.

நாடு முழுவதற்கும் இது எப்படிச் சேர்கிறது? ஆலையில் ஆண்டுக்கு 4 விழுக்காடு, சேவையில் அரை விழுக்காடு வளர்ச்சி என்று வையுங்கள். இரண்டும் சரிபாதி இருந்தால் சராசரி 2.25. ஆலையின் பங்கு 20, சேவையின் பங்கு 80 ஆனால் சராசரி 1.2. ஆலையும் மெதுவாகவில்லை, சேவையும் மெதுவாகவில்லை. கலவைதான் மாறியது. வளர்ந்த நாடுகள் எல்லாமே இந்தத் திசையில் போயிருக்கின்றன. கரும்பிலிருந்து தையலுக்கும், தையலிலிருந்து ஓட்டலுக்கும் வங்கிக்கும் வந்த நாமும்தான். ஒன்று மட்டும்: எல்லாச் சேவையும் தவில் அல்ல. வங்கி, தொலைபேசி, சரக்குப் போக்குவரத்து எல்லாம் சேவையாக இருந்தும் ஆலைபோல வேகமாக முன்னேறியவை.

ஃபீனிக்ஸ் வாசகர், ஆடை ஆலை சூப்பர்வைசர்: எங்கள் லைனில் 30 ஆபரேட்டர்கள். போலோ சட்டை, ஒன்றுக்கு நிர்ணய நேரம் 18 நிமிடம். 9 மணி நேரத்தில் 540 சட்டை வருகிறது. செயல்திறன் 60 விழுக்காட்டிலேயே நிற்கிறது. புது மெஷின் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். உங்கள் கணக்கு சரி: 540 சட்டை × 18 = 9,720 நிமிடம்; கையில் இருந்தது 30 × 540 = 16,200 நிமிடம்; 60 விழுக்காடு. 18ஐ 30ஆல் வகுத்தால் 0.6. அதாவது எல்லாம் சமனாக இருந்தால் 0.6 நிமிடத்துக்கு ஒரு சட்டை விழ வேண்டும், நாளுக்கு 900.

ஒவ்வொரு வேலையையும் பத்துச் சுற்று அளந்து, அந்த வேலையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். காலர் பொருத்த 1.5 நிமிடம் ஆகி, அதில் இரண்டு பேர் இருந்தால், 0.75. அங்கேயே நாளுக்கு 720 என்று கதவு மூடிவிடுகிறது. மற்ற 28 பேர் பறந்தாலும் 721ஆவது சட்டை வராது. மூன்றாவது ஆளைப் போட்டால் 0.5 ஆகிவிடும். உடனே அடுத்த இறுக்கம் வேறொரு இடத்தில், பெரும்பாலும் கை பொருத்துவதிலோ பட்டன் பட்டையிலோ தலைகாட்டும். அதையும் அளந்து போங்கள். வேகமான மெஷினை இறுக்கம் இல்லாத இடத்தில் வைத்தால் நடுவில் பண்டில், அதாவது துணித் துண்டுக் கட்டு, குவியும், வாசலில் ஒன்றும் கூடாது. பெரும்பாலான முதலீடு வீணாவது இப்படித்தான்.

இரண்டாவது, பண்டில் அளவு. 30 துண்டு கட்டுவதை 10 ஆக்கிப் பாருங்கள். தையல் பிசகினால் முப்பதாவது துண்டில் தெரிவதற்குப் பதில் பத்தாவதில் தெரியும். திருத்தத்துக்குப் போகும் துண்டுக்கு நிர்ணய நேரம் ஒரு முறைதான் கிடைக்கும், உழைப்போ இரண்டு முறை. உங்கள் 40 விழுக்காட்டு ஓட்டையில் இது கணிசமாக இருக்கும்.

மூன்றாவதுதான் உங்கள் கையில் இல்லாதது. ஆர்டர் எத்தனை பீஸ்? புது டிசைன் ஏறிய முதல் நாள் கை பழகாது. லைன் 35, 40 விழுக்காட்டில்தான் ஓடும், நான்காம் நாள்தான் சூடு பிடிக்கும். 6,000 பீஸ் ஆர்டரில் அந்த முதல் நாள் பெரிய விஷயமே இல்லை. 900 பீஸ் ஆர்டரில் சூடு பிடிக்கும் முன் டிசைன் மாறிவிடும். எந்த நாடு எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த பல்லிழை ஒப்பந்தத்தின் ஒதுக்கீடுகள் 2005 தொடக்கத்தில் முடிந்தபின், பெரிய எண்ணிக்கை ஆர்டர்களுக்குச் சீனாவோடும் வங்கதேசத்தோடும் நேருக்கு நேர் மோத வேண்டியதாயிற்று. சிறிய, விலை உயர்ந்த ஆர்டர்களில் தங்கியவர்கள் பிழைத்தார்கள். ஆகவே மணிக்கு எத்தனை பீஸ் என்று பார்த்தால் சரிவு, மணிக்கு எத்தனை ரூபாய் மதிப்பு என்று பார்த்தால் உயர்வு என்று இரண்டும் ஒரே லைனில் நடக்கலாம். முதலாளியிடம் 60 விழுக்காட்டை மட்டும் காட்டி அடி வாங்காதீர்கள். இரண்டு எண்ணையும் கொண்டு போங்கள்.

ஃபிளாக் வாசகர், சிறு கரும்பு விவசாயி: ஆலைகள் குறைந்துவிட்டன, சர்க்கரையும் குறைந்துவிட்டது. ஆனால் "உற்பத்தித்திறன் உயர்ந்தது" என்றும் எழுதுகிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும். 1973இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டிய சர்க்கரை உற்பத்தி, அண்மை ஆண்டுகளில் இரண்டரை லட்சத்துக்கும் கீழே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருநூற்றுக்கும் மேல் இருந்த ஆலைகள் இன்று மூன்று. நம் சர்க்கரையை வாங்கிவந்த ஐரோப்பா 2006 முதல் அதன் விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு வெட்டியது. சரிவும் கல்லுமான நிலங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மோசமான நிலம் கைவிடப்பட்டால், மிஞ்சிய நல்ல நிலத்தின் சராசரி தானே உயரும். வகுப்பில் கடைசி ஐந்து பேரை அனுப்பிவிட்டு சராசரி மதிப்பெண் ஏறியது என்பதுபோல. கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுத்தது மட்டும் நிஜமான உயர்வு: அதே கரும்பு, கூடுதல் மதிப்பு.

அறுவடை மெஷின் உங்களுக்குப் பலன் தருமா என்பதை வரிசையின் நீளத்தை வைத்தே சொல்லலாம். மெஷின் மணிக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறது, ஒரு திருப்பத்துக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். 50 மீட்டர் வரிசையை 36 விநாடியில் வெட்டும், பிறகு 60 விநாடி திரும்பும். நேரத்தில் 37.5 விழுக்காடுதான் வெட்டு. 300 மீட்டர் வரிசை என்றால் 216 விநாடி வெட்டு, 60 விநாடி திருப்பம், 78 விழுக்காடு. அதே மெஷின், அதே டீசல். அதனால்தான் கல் பொறுக்கி, பக்கத்து நிலங்களைச் சேர்த்து, வரிசையை ஒரே நேராகப் போட்ட பிறகு மெஷினைக் கூப்பிட வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டி வரிசை ஓட அண்ணன் தம்பிகள் சம்மதிப்பது வேறு கதை. கல் எடுக்காமல் இறக்கினால் கத்தி உடையும், கரும்போடு மண் போய் ஆலையில் தரம் இறங்கும்.

போர்ட் லூயி வாசகர், கணக்காளர்: சில கம்பெனிகள் பறக்கின்றன, பல தவழ்கின்றன. நாட்டுச் சராசரியை இது இழுக்காதா?

பதில்: இழுக்கும். எங்கள் பார்வையில் இன்றைய மந்தத்தின் கனமான பகுதி இதுவே. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் ஆய்வாளர்கள் 2001 முதல் 2013 வரை பார்த்தார்கள். ஆலைத் துறையில் உலகின் முன்னணி நிறுவனங்களின் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2.8 விழுக்காடு வளர்ந்தது, மற்றவர்களுடையது 0.6. சேவைத் துறையில் 3.6க்கு எதிராக 0.4. புது வித்தை பிறக்காமல் இல்லை, பரவவில்லை. மென்பொருளும் தரவும் பழகிய ஆளும் சேர்ந்து ஒரு கட்டாக வரும்போது, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்க முடிவதில்லை.

தவழ்பவர்கள் ஏன் விழுவதில்லை? வட்டி மலிவாக இருந்ததும், வங்கி வாராக்கடனாக எழுத விரும்பாததும் ஒரு காரணம். மத்திய வங்கிகளின் வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கியின் ஆய்வு இவற்றை "ஜாம்பி" (நடமாடும் பிணம்) என்கிறது: பத்து ஆண்டுக்கு மேல் வயது, மூன்று ஆண்டு தொடர்ந்து இயக்க லாபம் வட்டியைக்கூடக் கட்டப் போதாதது. 1980களின் முடிவில் வளர்ந்த நாடுகளின் பட்டியலிட்ட நிறுவனங்களில் சுமார் 2 விழுக்காடு இப்படி, 2016இல் 12. உங்கள் வாடிக்கையாளர் கணக்கில் இயக்க லாபம் 4 லட்சம், வட்டி 5 லட்சம் என்றால் விகிதம் 0.8. ஒரு ஆண்டு வந்தால் பதற வேண்டாம், மூன்று ஆண்டு வந்தால் மறைக்க வேண்டாம்.

கியூர்பிப் வாசகர்: நல்ல கண்டுபிடிப்புகள் தீர்ந்துபோயினவா?

பதில்: தீரவில்லை, விலை ஏறிவிட்டது. கணினிச் சிப்பில் பொதியும் டிரான்சிஸ்டர்களின் அடர்த்தியை இரட்டிப்பாக்க, 1970களின் தொடக்கத்தில் தேவைப்பட்ட ஆய்வாளர்களைப்போல் 18 மடங்குக்கும் மேல் இன்று வேண்டியிருக்கிறது என்று நிக்கலஸ் புளூமும் மூன்று கூட்டாளிகளும் 2020இல் காட்டினார்கள். பொருளியலாளர் ராபர்ட் கார்டன் இன்னும் கறாராகப் பேசுகிறார்: குழாய்த் தண்ணீர், மின் விளக்கு, மோட்டார் வண்டி எல்லாம் ஒரே ஒரு முறை வரக்கூடியவை, 1870 முதல் 1970 வரையான அந்த நூற்றாண்டு திரும்பாது என்பது அவர் கட்சி. கல்வியும் அப்படித்தான். இங்கே 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானதும் ஒரு தலைமுறை தாவியது. அடுத்த தலைமுறைக்கு அதே தாவல் கிடைக்காது.

திரியோலே வாசகி, ஓட்டல் முன்பதிவுப் பிரிவு: செயற்கை நுண்ணறிவு வந்தால் வேகம் மீளுமா? எங்கள் வேலைதான் போகுமா?

பதில்: பத்தாண்டுக்கு ஆண்டுதோறும் ஒன்றரை விழுக்காட்டுப் புள்ளி கூடலாம் என்று 2023இல் அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் சொன்னது. பத்தாண்டுக்கும் சேர்த்தே மொத்தக் காரணி உற்பத்தித்திறனில் 0.66 விழுக்காட்டுக்கு மேல் இராது என்று 2024இல் பொருளியலாளர் டாரன் அசமோக்லு கணக்கிட்டார். இருவரும் அளந்தது ஒரே குறியீட்டை அல்ல. அப்படியும் இந்த இடைவெளி பெரியது. நிபுணர் கணிப்பு என்றால் இந்தத் தீவு கொஞ்சம் சிரிக்க உரிமை உள்ள இடம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் 1961இல் நம் எதிர்காலத்தைப் பற்றி இருண்ட வார்த்தைகளே எழுதினார். ஒன்பது ஆண்டு கழித்து ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, பிறகு கரும்பிலிருந்து தையலுக்கும் ஓட்டலுக்கும் நாம் வந்தது தெரியுமே.

உங்கள் பிரிவில் இதைப் பாருங்கள்: ஒரு முன்பதிவு மின்னஞ்சல் வந்ததிலிருந்து உறுதியாவது வரை எத்தனை மணி? அதில் எழுதும் நேரம் எவ்வளவு, மேலாளர் விலைக்குச் சம்மதம் தரக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு? எழுத 6 நிமிடம், காத்திருப்பு 5 மணி என்றால், பதிலை அரை நிமிடத்தில் எழுதித் தரும் மென்பொருளால் விருந்தாளிக்குத் தெரியக்கூடிய மாற்றம் எதுவும் வராது. எந்த எல்லைக்குள் தள்ளுபடியை நீங்களே தரலாம் என்று மேலாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வரும். அந்தத் தாளை முதலில் கேட்டு வாங்குங்கள், மென்பொருள் பிறகு வரட்டும்.